வெக்டர் பண்டில்களும் குவிவர்களும்: மாடுலை வெளிக்குள் நுழைய வேலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலைக் கணிதம் முடித்து இயற்கணித வடிவியலில் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மாணவர்கள், ஏதாவதொரு கருத்தரங்கில் "வெக்டர் பண்டில்களின் மாடுலை வெளி" என்ற தொடரைக் கேட்டதும் அதை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பதுண்டு. (மாடுலை வெளி என்பது, ஒரு வகைக்கு ஒரு புள்ளி என்று வைத்துக் கட்டப்படும் வெளி.) தேடிப் பார்த்தால் ஸ்கீம், ஸ்டாக், டிரைவ்டு கேட்டகரி என்று அடுக்கடுக்காக வந்து நிற்கும். அவை எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் மாடுலைக்கு வர வேண்டும் என்று எண்ணி, முன்தயாரிப்பிலேயே காலத்தைக் கழித்து, ஒரு மாடுலை வெளியைக்கூடத் தம் கையால் கணக்கிட்டுப் பார்க்காமலே வேறு துறைக்குப் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் இந்தத் துறையின் மையக் கருத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றே போதும். அந்த அணியில் தொடங்கி, குவிவர்கள் (quiver, அம்புகளால் ஆன படங்கள்) வழியாகப் பண்டில்களுக்குப் போகும் பாதையை இங்கே கட்டம் கட்டமாகச் சொல்கிறேன்.

இந்தத் துறை நம் மண்ணுக்கு அந்நியமானதும் அன்று. வளைவரைகளின் மீதான வெக்டர் பண்டில்களைப் பற்றிய கோட்பாட்டின் அடித்தளமாக விளங்கும் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் 1965-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான எம். எஸ். நரசிம்மன் 1932-இல் தண்டரை என்னும் ஊரில், அன்றைய வட ஆற்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தவர்; மற்றவரான சி. எஸ். சேஷாத்ரி அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ராசீனிடம் படித்து, 1953-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். உலகமெங்கும் இத்துறையில் நுழையும் மாணவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் பெயர்கள் இவை.

முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவை

நேரியல் இயற்கணிதத்தை நன்றாகப் படித்திருக்க வேண்டும். அடிமாற்றம், ஜோர்டான் வடிவம், உள்வெளி, ஈவு வெளி ஆகியவற்றில் தடுமாற்றம் இருக்கக் கூடாது. குலம் ஒன்று ஒரு கணத்தின் மீது செயல்படுவது என்றால் என்ன, ஆர்பிட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கலப்பெண் பகுப்பாய்வில் லாரன்ட் தொடர் வரையும், இடவியலில் ஹவுஸ்டார்ஃப் வெளி, அடிப்படைக் குலம் வரையும் போதும். ஸ்கீம்கள் பிற்பாடு கட்டாயம் தேவைப்படும். ஆனால் அவை எதற்காகத் தேவைப்படுகின்றன என்பது புரிந்த பின் படித்தால் அவை மனத்தில் நிற்கும்.

முதற்கட்டம்: தாவலைக் கண்ணால் காண்பது

மூலைவிட்டத்தில் இரண்டு இடத்திலும் 5, கீழ் இடது மூலையில் 0, மேல் வலது மூலையில் க என்ற எண் கொண்ட இரண்டுக்கு இரண்டு அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டத்தில் ச, 1 கொண்ட அணியால் இதை அடிமாற்றம் செய்தால் மற்ற உறுப்புகள் அப்படியே இருக்க, க மட்டும் சக ஆகிறது. ஆகவே க சுழியாக இல்லாதவரை இந்த அணிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை. க சுழியாகும் அந்தக் கணத்தில் மட்டும் வகை மாறிவிடுகிறது; ஜோர்டான் கட்டம் உடைந்து மூலைவிட்ட அணி ஆகிவிடுகிறது.

இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா அணிவகைகளுக்கும் தலா ஒரு புள்ளி வைத்து ஒரு வெளியைக் கட்ட முயல்கிறோம். க சுழியை நோக்கி நகரும்போது அணி தொடர்ச்சியாக மாறுகிறது. ஆனால் அதற்குரிய புள்ளியோ கடைசிவரை ஓரிடத்திலேயே நின்றுவிட்டு இறுதியில் வேறொரு புள்ளிக்குத் தாவுகிறது. அப்படிப்பட்ட இரண்டு புள்ளிகளை எந்தத் தொடர்ச்சியான சார்பாலும் பிரித்துக் காட்ட முடியாது என்பதால் அந்த வெளி ஹவுஸ்டார்ஃப் ஆக இருக்க வழியில்லை. மாடுலைக் கோட்பாட்டின் நிலைப்பு, அரைநிலைப்பு, வடிகட்டல் ஆகிய எல்லாக் கருவிகளும் இந்த ஒரு தாவலைச் சமாளிப்பதற்காகவே தோன்றியவை. ஆகவே இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தாவலால் இணையும் வகைகளை எல்லாம் ஒரே புள்ளியாகச் சேர்த்துவிடுவது. அணிகளைப் பொறுத்தவரை அப்படிச் செய்தால் மிஞ்சுவது மூலைவிட்டக் கூடுதலும் அணிக்கோவையும் மட்டுமே, அதாவது இரண்டு எண்களால் ஆன ஒரு தளம். மற்றொன்று, தாவலுக்குக் காரணமான கெட்ட பொருள்களை முதலிலேயே விலக்கிவிட்டு மிஞ்சியவற்றுக்கு மட்டும் வெளி கட்டுவது. எவற்றை விலக்குவது என்று தீர்மானிக்கும் விதிதான் நிலைப்பு விதி. நடைமுறையில் இரண்டு வழிகளும் கலந்தே வருகின்றன.

இரண்டாங்கட்டம்: குவிவர்

குவிவர் என்பது சில முனைகளும் அவற்றுக்கிடையே சில அம்புகளும் கொண்ட ஒரு படம். ஒவ்வொரு முனையிலும் ஒரு வெக்டர் வெளியையும் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு நேரியல் கோப்பையும் வைத்தால் அது அந்தக் குவிவரின் ஒரு பிரதிநிதித்துவம். முனைகளில் உள்ள பரிமாணங்களை வரிசையாக எழுதினால் பரிமாண வெக்டர் கிடைக்கும். ஒவ்வொரு முனையிலும் தனித்தனியே அடிமாற்றம் செய்யலாம். அந்த மாற்றங்களால் ஒன்று மற்றொன்றாக மாறினால் இரண்டும் ஒரே வகை. உட்பிரதிநிதித்துவம் என்பது, ஒவ்வொரு முனையிலும் ஓர் உள்வெளியைத் தேர்ந்தெடுத்து, அம்புகள் அந்த உள்வெளிகளை விட்டு வெளியே போகாதபடி அமைப்பது. ஒரு முனையும் தன்னிடமே திரும்பும் ஓர் அம்பும் கொண்ட குவிவர்தான் முதற்கட்டத்தில் நாம் பார்த்த அணி.

இப்போது இரண்டு முனைகள். முதல் முனையிலிருந்து இரண்டாவதற்கு ம அம்புகள். பரிமாண வெக்டர் (1, 1). ஒவ்வொரு அம்பும் ஓர் எண். ஆக மொத்தம் ம எண்கள். அடிமாற்றம் அவை அனைத்தையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. எல்லாம் சுழியாக இருக்கும் பிரதிநிதித்துவத்தை விலக்கிவிட்டால் மிஞ்சுவது ம−1 பரிமாண வீழ்ப்பு வெளி (projective space). நீங்கள் கட்டிய முதல் மாடுலை வெளி இது.

அந்தச் சுழியை விலக்கியது நம் விருப்பப்படி செய்ததன்று என்பதைக் காட்ட நிலைப்பு விதியை எழுத வேண்டும். முனைகளுக்கு எடை கொடுப்போம்: முதல் முனைக்கு 1, இரண்டாவதற்கு 0. ஒரு பிரதிநிதித்துவத்தின் சாய்வு என்பது, பரிமாணங்களை எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரிமாணத்தால் வகுத்தால் கிடைப்பது. தன்னுள் அடங்கிய ஒவ்வோர் உட்பிரதிநிதித்துவத்தின் சாய்வும், சுழியையும் முழுமையையும் தவிர்த்து, தன் சாய்வைவிடக் குறைவாக இருந்தால் அது நிலைத்தது. சமமாகவும் இருக்கலாம் என்று தளர்த்தினால் அரைநிலைத்தது. நம் எடுத்துக்காட்டில் சாய்வு 1/2. எல்லா எண்களும் சுழியானால் (1, 0) என்பது ஓர் உட்பிரதிநிதித்துவம். அதன் சாய்வு 1, அதாவது கூடுதல். ஆகவே சுழி விலகுகிறது. ஓர் எண்ணாவது சுழியில்லை என்றால் (0, 1) மட்டுமே உள்ளே அடங்கும். அதன் சாய்வு 0. ஆகவே அது நிலைத்தது. எடைகளை மாற்றி, முதல் முனைக்கு 0, இரண்டாவதற்கு 1 என்று வைத்துப் பாருங்கள்: எப்போதும் உள்ளிருக்கும் (0, 1) இப்போது கூடுதல் சாய்வு பெறுவதால் ஒன்றுமே நிலைக்காது, மாடுலை வெளி வெற்றாகிவிடும். நிலைப்பு என்பது நாம் தேர்ந்தெடுக்கும் எடையைப் பொறுத்தது என்பதும், எடை மாறினால் வெளியே மாறும் என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகின்றன.

பரிமாண வெக்டரை (1, ட) என்று மாற்றினால், ட பரிமாண வெளியில் ம வெக்டர்கள் கிடைக்கும். மேற்சொன்ன எடைப்படி, அந்த வெக்டர்கள் முழு வெளியையும் பரப்பினால் மட்டுமே அது நிலைத்தது; ஏதோவொரு சிறிய உள்வெளிக்குள் அடங்கிவிட்டால் அந்த உட்பிரதிநிதித்துவத்தின் சாய்வு கூடிவிடும். கிடைக்கும் மாடுலை வெளி ட(ம−ட) பரிமாணமுள்ள கிராஸ்மன் வெளி, அதாவது ம பரிமாண வெளியின் ம−ட பரிமாண உள்வெளிகளைப் புள்ளிகளாகக் கொண்டது.

பரிமாணத்தைக் கணக்கிட ஒரு பொதுச் சூத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு அம்புக்கும் அதன் இரு முனைகளின் பரிமாணங்களைப் பெருக்கிக் கூட்டுங்கள், அதிலிருந்து ஒவ்வொரு முனையின் பரிமாணத்தின் வர்க்கத்தையும் கழியுங்கள், 1 கூட்டுங்கள். எல்லா முனைகளையும் ஒரே எண்ணால் பெருக்குவது எதையும் மாற்றாது என்பதால்தான் அந்த 1. (1, ட)க்கு மட − 1 − ட² + 1 என்று வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நிலைத்தவை இருந்தால் மட்டுமே இந்தச் சூத்திரம் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது.

இந்தச் சாய்வு விதி எங்கிருந்தோ வந்து குதித்ததன்று. டேவிட் மம்ஃபோர்டு 1960-களில் உருவாக்கிய வடிவியல் மாறிலிக் கோட்பாட்டைக் குவிவர்களுக்குப் பயன்படுத்தினால் இதே விதிதான் கிடைக்கும் என்று ஏ. டி. கிங் 1994-இல் நிறுவினார். குவிவரில் அம்புகளின் வழியே சுற்றி வந்து தொடங்கிய முனைக்கே திரும்பும் பாதை இல்லாவிட்டால், அரைநிலைத்தவற்றின் மாடுலை வெளி வீழ்ப்பு வெளிக்குள் அடங்கும் மூடிய வெளியாக அமையும் என்பதும் அதிலிருந்து வருகிறது. இதன் நிரூபணத்தை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம்; விதியைப் பயன்படுத்தப் பழகிய பிறகு படித்தால் எளிதாக இருக்கும்.

மூன்றாங்கட்டம்: ஒரு தளத்தில் நான்கு கோடுகள்

நான் புதியவர்களிடம் கட்டாயம் போடச் சொல்லும் கணக்கு இதுதான். நடுவில் ஒரு முனை, அதைச் சுற்றி நான்கு முனைகள், நான்கிலிருந்தும் நடுவை நோக்கி அம்புகள். வெளிமுனைகளில் பரிமாணம் 1, நடுவில் 2. அதாவது, தளத்தில் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நான்கு கோடுகள். சூத்திரப்படி பரிமாணம் 8 − 8 + 1 = 1. வெளிமுனைகளுக்கு எடை 1, நடுமுனைக்கு 0 என்று வைத்தால் மொத்தச் சாய்வு 4/6, அதாவது 2/3.

நான்கு கோடுகளும் வெவ்வேறாக இருந்தால் அது நிலைத்தது. அதன் வகையைக் குறுக்கு விகிதம் என்ற ஒற்றை எண் தீர்மானிக்கிறது. அந்த எண் 0, 1, முடிவிலி ஆகிய மூன்றைத் தவிர எதுவாகவும் இருக்கலாம். மூன்று கோடுகள் ஒன்றாகிவிட்டால் அந்த உட்பிரதிநிதித்துவத்தின் சாய்வு 3/4. அது 2/3-ஐ விட அதிகம் என்பதால் விலக்கப்படும். இரண்டு மட்டும் ஒன்றானால் சாய்வு சரியாக 2/3. ஆகவே அரைநிலைத்தது, நிலைத்ததன்று.

இந்தக் கடைசி வகையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு கோடுகளும் கிடைமட்ட அச்சாக இருக்கட்டும். மூன்றாவது செங்குத்து அச்சு, அதாவது (0, 1) வழியே செல்வது. நான்காவது (க, 1) வழியே செல்வது. கிடைமட்டத்தை மட்டும் ச மடங்கு நீட்டினால் முதல் மூன்று கோடுகளும் மாறுவதில்லை; க மட்டும் சக ஆகிறது. முதற்கட்டத்தில் பார்த்த அதே தாவல் இங்கே திரும்பி வந்திருக்கிறது! க சுழியை நெருங்க நெருங்க நான்காவது கோடு மூன்றாவதன் மேல் விழுகிறது. ஆகவே "முதலிரண்டும் ஒன்று, மூன்றும் நான்கும் வேறு" என்ற வகையும், "முதலிரண்டும் ஒன்று, பின்னிரண்டும் ஒன்று" என்ற வகையும் மாடுலை வெளியில் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். சேஷாத்ரியின் பெயரால் எஸ்-சமானம் என்று வழங்கும் உறவு இதுதான். நான்கைச் சோடி சோடியாகப் பிரிக்க மூன்று வழிகள் இருப்பதால் இப்படி மூன்று புள்ளிகள்; குறுக்கு விகிதத்தில் விடுபட்டிருந்த அந்த மூன்று இடங்களையும் அவை சரியாக நிரப்ப, முழு வீழ்ப்புக்கோடு கிடைக்கிறது. விலக்குவதும் சேர்ப்பதும் ஆகிய இரண்டு வழிகளும் ஒரே கணக்கில் எப்படிக் கைகோக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு சிறிய குறிப்பு. மூன்று கோடுகள் மட்டும் இருந்திருந்தால் எண் எதுவும் தேவைப்பட்டிராது. வகைகளின் எண்ணிக்கை முடிவுள்ளது. எந்தெந்தக் குவிவர்களுக்குப் பிரிக்க முடியாத பிரதிநிதித்துவ வகைகள் முடிவுள்ள எண்ணிக்கையில் அமையும் என்பதைப் பியர் காப்ரியேல் 1972-இல் முழுமையாகத் தீர்த்தார். விடையாக வருபவை ஏ, டி, ஈ என்ற டைன்கின் படங்கள். அவற்றுக்கு வெளியே போனால்தான் மாடுலை வெளிக்கு வேலை வருகிறது.

நான்காங்கட்டம்: வெக்டர் பண்டில்

வேலூர்க் கோட்டையின் அகழியோரமாக ஒரு முழுச் சுற்று நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நேர்கோடு நட்டிருக்கிறது. அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று இசைந்து மெல்லத் திரும்புகின்றன. சுற்றி முடித்து வரும்போது கோட்டின் மேல்முனை மேலேயே இருந்தால் ஒரு வகை. தலைகீழாகியிருந்தால் வேறு வகை. எந்தச் சிறு பகுதியைப் பார்த்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. முழுச் சுற்றில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. ஒரு வெளியின் புள்ளிதோறும் ஒரு வெக்டர் வெளியை இவ்வாறு இசைவாக வைப்பதே வெக்டர் பண்டில். அந்த வெக்டர் வெளிகளின் பரிமாணம் பண்டிலின் தரம் எனப்படும்.

இயற்கணித வடிவியலில் அடிவெளி ஒரு கலப்பெண் வளைவரை. எல்லாவற்றினும் எளியது வீழ்ப்புக்கோடு. அதில் ச என்ற ஆயத்தொலை உள்ள பகுதி ஒன்று, 1/ச உள்ள பகுதி மற்றொன்று. இரண்டும் சேரும் இடத்தில் ஒட்டும் அணி ஒன்று. ஒரு பக்கத்தில் ச-வின் பல்லுறுப்புக்கோவைகளால் நிரல்களையும், மறுபக்கத்தில் 1/ச-வின் பல்லுறுப்புக்கோவைகளால் நிரைகளையும் மாற்றிக்கொள்ளலாம்; அதனால் பண்டிலின் வகை மாறாது.

முதல் நிரை (ச, க), இரண்டாம் நிரை (0, 1/ச) என்ற ஒட்டும் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். தரம் 1 உள்ளது கோட்டுப் பண்டில்; ஒட்டும் எண் ச-வின் ந-ஆம் அடுக்கானால் அது ஓ(ந). க சுழியானால் இது ஓ(1), ஓ(−1) என்ற இரண்டு கோட்டுப் பண்டில்களின் நேர்க்கூட்டல். க சுழியில்லை என்றால், முதல் நிரலிலிருந்து இரண்டாம் நிரலின் ச/க மடங்கைக் கழியுங்கள்: நிரைகள் (0, க), (−1/க, 1/ச) ஆகின்றன. அடுத்து, இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 1/(கச) மடங்கைக் கழியுங்கள்: (0, க), (−1/க, 0). ச என்பதே இல்லாமல் போய்விட்டது. ஒட்டும் அணி வெறும் எண்களால் ஆனது என்றால் பண்டில் எளியது, அதாவது ஓ(0)-வை இரண்டு முறை கூட்டியது. ஆகவே க சுழியாகாதவரை ஒரு வகை, சுழியானதும் வேறு வகை. மூன்றாம் முறையாக அதே தாவல்.

ஒட்டும் அணியின் அணிக்கோவையில் ச எத்தனையாவது அடுக்கில் இருக்கிறதோ அதுவே பண்டிலின் படி. படியைத் தரத்தால் வகுத்தால் சாய்வு. குவிவர்களுக்குச் சொன்ன அதே விதி இங்கும் பொருந்துகிறது: தன்னுள் அடங்கும் ஒவ்வோர் உட்பண்டிலின் சாய்வும் தன் சாய்வைவிடக் குறைவாக இருந்தால் நிலைத்தது. ஓ(1)-ஐயும் ஓ(−1)-ஐயும் கூட்டியதன் சாய்வு 0. ஆனால் அதனுள் சாய்வு 1 உள்ள ஓ(1) இருக்கிறது, ஆகவே விலக்கப்படும். எளிய பண்டில் அரைநிலைத்ததாக நிற்கும். இவ்வாறு தாவல் தீர்கிறது. இந்த விதியை மம்ஃபோர்டு 1962-இல் அறிவித்தார். வரலாற்றில் பண்டில்களுக்கான விதிதான் முந்தியது, குவிவர்களுக்கானது பிந்தியது. கற்பதற்குத் தலைகீழ் வரிசையே நல்லது என்பது என் துணிபு.

வீழ்ப்புக்கோட்டின் மேல் எல்லாப் பண்டில்களும் கோட்டுப் பண்டில்களின் நேர்க்கூட்டலே என்று குரோத்தண்டீக் 1957-இல் காட்டினார். ஆகவே அங்கே நிலைத்தவை தரம் 1 மட்டுமே. அதே ஆண்டில் அட்டியா ஜீனஸ் 1 உடைய வளைவரைகளின் பண்டில்களை வகைப்படுத்தி முடித்தார் (ஜீனஸ் என்பது வளைவரையைப் பரப்பாகப் பார்த்தால் அதில் உள்ள துளைகளின் எண்ணிக்கை). ஜீனஸ் 2 முதல் கதை வேறு.

ஐந்தாங்கட்டம்: நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம்

ஜீனஸ் ஜீ, குறைந்தது 2, கொண்ட ரீமான் பரப்பில் (பரப்பாகப் பார்க்கும் கலப்பெண் வளைவரையில்), படி 0 உள்ள நிலைத்த பண்டில்களும், அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்தின் பிரிக்க முடியாத யூனிட்டரி பிரதிநிதித்துவங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதே தேற்றம். ஒரு பக்கம் முழுக்க இயற்கணிதம். மறுபக்கம் அணிகளை மட்டுமே கொண்ட இடவியல். மம்ஃபோர்டு வெளி கட்டுவதற்காக எழுதிய விதியும், யூனிட்டரி அணிகளின் இயல்பும் ஒரே பண்டில்களைச் சுட்டும் என்று முன்கூட்டி யாரும் எதிர்பார்க்க நியாயமில்லை. பிற்பாடு 1983-இல் டொனால்ட்சன் இதற்கு வகைக்கெழு வடிவியல் வழியில் புதிய நிரூபணம் தந்தார்.

தேற்றத்தை முழுவதும் நிரூபிக்கும் முன், பரிமாணங்கள் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பார்த்துவிடலாம். தரம் த என்க. பரப்பின் அடிப்படைக் குலத்துக்கு 2ஜீ ஆக்கிகள். அவற்றுக்கு த-க்கு-த யூனிட்டரி அணிகளை வைத்தால் மெய்ப்பரிமாணம் 2ஜீத². ஆக்கிகளின் மாற்றிகளைப் பெருக்கினால் 1 வர வேண்டும். மாற்றிகளின் அணிக்கோவை தானாகவே 1 என்பதால் இந்த நிபந்தனை த²−1 பரிமாணத்தைக் குறைக்கிறது. அடிமாற்றம் மேலும் த²−1-ஐக் குறைக்கிறது. மிச்சம் 2ஜீத² − 2த² + 2. கலப்பெண் பரிமாணம் அதில் பாதி: த²(ஜீ−1)+1. பண்டில்களின் பக்கத்தில் உருமாற்றக் கோட்பாட்டின் வழி கணக்கிட்டாலும் இதே எண் வருகிறது.

பண்டிலின் அணிக்கோவையை, அதாவது ஒட்டும் அணியின் அணிக்கோவை தரும் கோட்டுப் பண்டிலை, நிலையாக வைத்தால் பரிமாணம் (த²−1)(ஜீ−1). ஜீனஸ் 2, தரம் 2 என்றால் 3. அணிக்கோவை எளியதாக இருக்கும் நிலையில் அந்த வெளி முப்பரிமாண வீழ்ப்பு வெளியே என்று நரசிம்மனும் எஸ். ராமனனும் 1969-இல் நிறுவினார்கள். ஒற்றைப்படைப் படியில் அது ஐந்து பரிமாண வீழ்ப்பு வெளிக்குள் இரண்டு இருபடிப் பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம். படியும் தரமும் பொதுக் காரணி இல்லாதவை என்றால் அரைநிலைத்தது எதுவும் தானே நிலைத்ததாகிவிடும் என்பதால், இந்த இரண்டாம் வெளியில் எஸ்-சமானத் தொல்லையே இல்லை. தொடக்கத்தில் எப்போதும் பொதுக் காரணியற்ற நிலையையே எடுத்துக்கொள்வது நல்லது.

ஆறாங்கட்டம்: இரண்டுக்கும் இடையிலான பாலம்

வீழ்ப்புக்கோட்டில் ஓ(2) என்ற பண்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ என்பவை வீழ்ப்புக்கோட்டின் ஆயத்தொலைகள் என்றால், அதன் வெட்டுகள் (புள்ளிதோறும் ஒரு வெக்டரை இசைவாகத் தேர்ந்தெடுப்பவை) அ², அஆ, ஆ² ஆகிய மூன்றால் ஆனவை. ஓ(1)-இன் வெட்டுகள் அ, ஆ. பின்னதை அ-வால் பெருக்கினால் ஒரு கோப்பு; ஆ-வால் பெருக்கினால் மற்றொன்று. இரண்டு பரிமாண வெளியிலிருந்து மூன்று பரிமாண வெளிக்கு இரண்டு அம்புகள்: இது இரண்டு அம்புகள் கொண்ட குவிவரின் (2, 3) பரிமாணப் பிரதிநிதித்துவம். பொதுவில் ஓ(ந), ந சுழியோ அதற்கு மேலோ ஆனால், (ந, ந+1) பரிமாணமுள்ள பிரதிநிதித்துவத்தைத் தருகிறது. குரோனெக்கர் 1890-இல் அணிச்சோடிகளை வகைப்படுத்தியபோது கண்ட பட்டியலும், குரோத்தண்டீக்கின் பட்டியலும் இந்த வழியில் ஒன்றோடொன்று இணைகின்றன. உயர்பரிமாண வீழ்ப்பு வெளிகளுக்கு இதைப் பெய்லின்சன் 1978-இல் விரித்தார். அதன் துணையால் வீழ்ப்புத் தளத்தின் மாடுலை வெளிகளைக் குவிவர் கணக்காக மாற்றுவதை 1985-இல் திரெசேயும் லெ பொட்டியேயும் செய்தார்கள். டிரைவ்டு கேட்டகரியைப் படிக்க இதுவே தக்க தருணம். இப்போது அதன் தேவை உங்களுக்கே தெரியும்.

மற்றொரு பாலம் எண்ணுவது. நிலைக்காத எந்தப் பண்டிலையும் சாய்வு இறங்குவரிசையில் அமையும் அரைநிலைத்த அடுக்குகளாக ஒரே விதமாகப் பிரிக்கலாம் என்று ஹார்டரும் நரசிம்மனும் காட்டி, 1975-இல் அதைக் கொண்டு மாடுலை வெளியின் கோஹோமாலஜியைக் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் எண்ணி, கெட்டவற்றை அடுக்கடுக்காகக் கழிப்பதே உத்தி. ரைனெக்கே 2003-இல் இதைக் குவிவர்களுக்குக் கொண்டுவந்தார். (1, 1), ம அம்புகள் என்ற பழைய எடுத்துக்காட்டில் ஒரு வரியில் முடித்துவிடலாம்: ப உறுப்புகள் கொண்ட களத்தில் மொத்தம் பᵐ, கெட்டது ஒன்று, மிச்சத்தை ப−1-ஆல் வகுத்தால் 1 + ப + ப² என்று ம உறுப்புகள் வரை போகும் தொடர். அதன் கெழுக்களே வீழ்ப்பு வெளியின் பெட்டி (Betti) எண்கள், அதாவது கோஹோமாலஜியின் பரிமாணங்கள்.

எங்கே போவது, எப்படிப் படிப்பது

காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியில் சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்த சென்னைக் கணிதக் கழகமும் இருக்கின்றன. கருத்தரங்க அறிவிப்புகளை அவற்றின் இணையதளங்களில் பார்த்து, முன்கூட்டி மின்னஞ்சலில் அனுமதி கேட்டுப் போங்கள். இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) கோடைப் பயிற்சியும், ஆராய்ச்சியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏ.எஃப்.எஸ். (Annual Foundation School) பள்ளிகளும் உண்டு, இரண்டுக்கும் விண்ணப்பித்தே தேர்வாக வேண்டும். ஒரு பேச்சு முழுவதும் புரியவில்லை என்றாலும், பேச்சாளர் எந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதினாரோ அதை வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். உள்ளூரில் இருவரோ மூவரோ சேர்ந்து வாரம் ஒரு முறை கூடி, ஒருவர் பலகையில் எழுத மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்பது தனியே படிப்பதைவிட வேகமாகக் கொண்டுசெல்லும்.

கடைசியாக ஒரு கணக்கைத் தருகிறேன். இரண்டு முனைகள், மூன்று அம்புகள், பரிமாண வெக்டர் (2, 3), எடைகள் முன்போலவே 1, 0. மொத்தச் சாய்வு 2/5. முதல் முனையில் உள்ள சுழியல்லாத ஒவ்வொரு வெக்டரின் மூன்று பிம்பங்களும் குறைந்தது இரண்டு பரிமாணத்தைப் பரப்ப வேண்டும், எல்லாப் பிம்பங்களும் சேர்ந்து மூன்று பரிமாணத்தையும் பரப்ப வேண்டும் என்பதே நிலைப்பு விதி என்று முதலில் காட்டுங்கள். பரிமாணம் 18 − 13 + 1 = 6. மூன்று அம்புகளையும் மூன்று மாறிகளின் கெழுக்களாகக் கொண்டு, நேரியல் கோவைகளால் ஆன மூன்று நிரை, இரண்டு நிரல் அணி ஒன்றை எழுதி, அதன் இரண்டுக்கு இரண்டு சிற்றணிக் கோவைகளைப் பாருங்கள். பொதுவான நிலையில் அவை மூன்றும் வீழ்ப்புத் தளத்தில் ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளில் சுழியாகும். பிறகு ரைனெக்கேயின் முறையில் எண்ணுங்கள். இரட்டைப்படைப் பெட்டி எண்கள் வரிசையாக 1, 1, 3, 3, 3, 1, 1 என்றும், அவற்றின் கூடுதல் 13 என்றும் வந்தால் கணக்கு சரி.